பிரமாணம் இல்லாத விஞ்ஞானம்

சாகித்திய அகாதெமி 2010ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்காரம், 2014ஆம் ஆண்டில் இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' என்னும் நூலுக்குக் கிடைத்தபோது, சிறுவருக்கான விஞ்ஞான எழுத்தும் இலக்கிய மரியாதைக்கு உரியதாயிற்றே என்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. ஆனால் அதற்கு முன்பே நம்மிடையே இருந்த ஒரு வாதம், அதன் பின் வலுத்து, இப்போது ஏறத்தாழ ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. குழந்தைக்கு விஞ்ஞானத்தைக் கதையாகத்தான் சொல்ல வேண்டும், வேதாளமோ பேசும் அணிலோ காலயந்திரத்தில் ஏறிய தாத்தாவோ துணைக்கு வராவிட்டால் எந்தப் பிள்ளையும் பத்துப் பக்கம் தாண்டாது என்பது அந்த வாதம். புத்தகக் காட்சிக்குச் சென்றால் சிறுவர் அரங்குகளில் விஞ்ஞானம் என்ற பெயரில் அடுக்கப்பட்டிருப்பவற்றுள் கணிசமானவை இவ்வகையினவாகவே இருக்கின்றன. எஞ்சியவை பொது அறிவுத் துணுக்குத் தொகுதிகள்.

கதைக்கு உள்ள வசீகரத்தை மறுப்பவன் நான் அல்லன். பௌதிகம் என்ற பெயரைக் கேட்டாலே ஒதுங்கும் பிள்ளையை அதன் வாசல்வரை கைபிடித்து அழைத்துவரக் கதையைப் போன்ற தோழமை வேறில்லை. 'ஆயிஷா' என்ற சிறுநூலில் கேள்வி கேட்கும் ஒரு மாணவிக்காக நடராசன் வாதாடிய உருக்கமும் தமிழ் வாசகர்கள் அறியாததன்று. அச்சும் சித்திரமும் முன்னைவிடச் செம்மைப்பட்டிருக்கின்றன. எளிய குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் சிறு நூல்கள் வருகின்றன. இவை அனைத்தும் நன்மைகளே.

என் ஆட்சேபம் வேறு. அது பல ஆண்டுகளாக என் மனத்தில் இருப்பது. நம் முன்னோர் அறிவு பெறும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்று வகுத்தார்கள். உரை என்பது, மற்ற இரண்டும் எட்டாத இடத்தில், நம்பத்தக்க பெரியோரின் சொல்லை ஏற்பது. விஞ்ஞானத்தின் தனிச் சிறப்பு, யார் சொன்னார் என்பதை இரண்டாவதாக வைத்து, எதைக் கண்டு எதை அனுமானித்தாய் என்று முதலில் கேட்பது. நம் சிறுவர் நூல்களோ அந்த விஞ்ஞானத்தையே உரையளவை ஒன்றினால் மட்டும் விநியோகிக்கின்றன. 'விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்' என்ற தொடர் அவற்றில் ரிஷிவாக்கியத்தின் ஸ்தானத்தில் அமர்ந்திருக்கிறது.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். என்னிடமுள்ள ஒரு நூலில் (அதைப் போன்றவை அநேகம் இருப்பதால் பெயரைச் சொல்லி ஒன்றை மட்டும் தண்டிக்க விரும்பவில்லை) ஒரு காகம், நிலவு பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று சொல்ல, அதைக் கேட்ட அணில் 'அப்படியா!' என்று வியந்து, உடனே நிலவில் காற்று உண்டா என்ற அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறது. யாரும் நாடா கொண்டு அளக்க முடியாத அந்தத் தொலைவை எப்படி அறிந்தார்கள் என்று அணில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கு விடை சொல்ல நான்கு வரி போதும். 1969இல் அப்போலோ 11 விண்கலத்தில் சென்றவர்கள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடிக் கருவியை நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள். இங்கிருந்து அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்ப ஏறத்தாழ 2.56 வினாடி ஆகிறது. ஒளி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதாகையால், போகவர ஆன நேரத்தில் பாதியை அதனால் பெருக்கினால் தொலைவு வந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை காகிதத்தில் போட்டுப் பார்க்கும் கணக்கு இது. சந்திர கிரகணத்தின்போது நிலவின்மேல் விழும் பூமியின் நிழலை அளந்தே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்கர்கள் இத்தொலைவை ஒருவாறு மதிப்பிட்டார்கள் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்தால், கருவி இல்லாதவனும் சிந்தித்து அறியலாம் என்ற தைரியம் அந்தப் பிள்ளைக்குப் பிறக்கும்.

அணில் ஏன் கேட்கவில்லை? ஆசிரியரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை; அந்த வடிவத்தின் சுபாவமே அப்படி. கதை முன்னே நகர வேண்டும். கேட்பவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று அத்தாட்சி கேட்டால் கதை நின்றுவிடும். மேலும், பிணத்தில் குடியேறிய வேதாளம் பேசுகிறது என்பதை எந்தத் தயக்கமும் இன்றி ஏற்றுக்கொள்வது கதை கேட்பவனின் தர்மம். அந்த இணக்கத்தோடு இருக்கும் மனத்தில், அதே வேதாளத்தின் வாயிலிருந்து, அளந்து அறிந்த ஓர் உண்மையையும் புகுத்தும்போது, எது கற்பனை எது நிரூபணமானது என்று பிரித்தறிய எந்த அடையாளமும் பிள்ளைக்கு மிஞ்சுவதில்லை. இரண்டும் ஒரே குரலில், ஒரே அதிகாரத்தோடு வருகின்றன. அவ்வாறு பழகிய பிள்ளைதான் பிற்காலத்தில், பசுஞ்சாணம் அணுக்கதிர்வீச்சைத் தடுக்கும் என்று எவரேனும் விஞ்ஞானியின் பெயரால் செய்தி அனுப்பினால் அதையும் 'அப்படியா!' என்று ஏற்றுக்கொள்கிறது. இதை ஓர் எழுத்துக் குறை என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு இழைக்கும் தீங்கு என்றே சொல்வேன்.

துணுக்குத் தொகுதிகள் பார்வைக்கு இதன் எதிர்முனை போலத் தோன்றினாலும் நோய் ஒன்றே. அவற்றில் அணிலுக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி இருக்கிறது, அவ்வளவுதான்.

நம்மிடையே வேறு மரபே இருந்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1917இல் 'தமிழர் நேசன்' இதழில் எழுதத் தொடங்கிய பெ. நா. அப்புஸ்வாமி தொழிலால் வழக்கறிஞர். சாட்சியம் இல்லாமல் தீர்ப்பு இல்லை என்பதை நீதிமன்றத்தில் பழகியவர், விஞ்ஞானத்தையும் அந்தப் பழக்கத்தோடுதான் அணுகினார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1987 முதல் வரும் 'துளிர்' இதழ், செய்து பார் என்று பிள்ளையின் கையில் வேலை கொடுத்தது. பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்து நம் ஊர் மேசைகளில் கிடந்தது. அதில் வேதாளம் இல்லை, ஆயினும் அதைப் படித்தவர்கள் பாதியில் கீழே வைத்ததாக நான் கேட்டதில்லை.

எங்கள் வேலப்பன்சாவடியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால், தேநீர்க் கடையிலிருந்து பள்ளி வேன் வரை எல்லாரும் கேட்பது, செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்பதே. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அந்தக் கேள்வியில் அச்சமும் கலந்துவிட்டது. முழு ஆழம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பது இப்பகுதிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அடிக்கணக்கைக் கொண்டு கன அடியை எவ்வாறு அறிகிறார்கள் என்று சொல்லும் ஒரு சிறுவர் நூலை நான் கண்டதில்லை. படுகை சமதளமாக இல்லாததால் மொத்தத்தை 24ஆல் வகுத்துவிட முடியாது. ஆகவே படுகையை முன்னரே அளந்து, ஒவ்வோர் உயரத்திலும் நீர்ப்பரப்பு எவ்வளவு என்று கணித்து, அடுக்கடுக்காகக் கூட்டி ஓர் அட்டவணை செய்து வைத்திருப்பார்கள். வீட்டு வாணலியில் டம்ளர் டம்ளராக நீர் ஊற்றி, ஒவ்வொரு டம்ளருக்கும் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று அடிக்கோல் வைத்துக் குறித்துக்கொண்டே வந்தால், அடியில் சடசடவென்று ஏறிய மட்டம் விளிம்பை நெருங்க நெருங்க ஏறத் தயங்குவதைப் பிள்ளை தானே காணும். 22ஆம் அடிக்குப்பின் ஏறும் ஒவ்வோர் அடியும் ஏன் அத்தனை பேரைக் கலங்க வைக்கிறது என்பது அப்போது அதற்குச் சொல்லாமலே விளங்கும்.

பிரமாணம் காட்டும் நூல் பிள்ளைகளுக்குக் கடினம் என்று மறுபடியும் சொல்வார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 1972இல் 16 கிராமப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த விஞ்ஞானக் கல்வித் திட்டத்தின் 'பால் வைஞானிக்' பாடநூலில் பரிசோதனைகளும் கேள்விகளும் இருந்தன, விடைகள் அச்சிடப்படவில்லை. செய்து, கண்டு, விவாதித்து எழுதும் பொறுப்பு மாணவர்களுடையது. மின்விளக்கே அரிதான கிராமத்துப் பிள்ளைகளால் ஆனது நம் பிள்ளைகளால் ஆகாதா?

எங்கள் திருவள்ளூர்ப் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் இன்னும் இத்தகைய நூலுக்காகக் காத்திருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, அதே ஆண்டில் கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தையும் அடைந்தார். அங்கே சாந்தி பப்புவும் குழுவினரும் செய்த அகழ்வாய்வில் கிடைத்த கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011இல் வெளியிட்டார்கள். அந்த எண் இப்போது துணுக்கு நூல்களுக்குள் புகுந்துவிட்டது. அது எவ்வாறு கிடைத்தது என்பதோ சுவை மிக்கது. தரைமேல் கிடக்கும் படிகக் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு அணு வகைகள் உண்டாகின்றன. கல் மண்ணில் ஆழப் புதைந்ததும் புதிதாக உண்டாவது ஏறத்தாழ நின்று, இருப்பது சிதையத் தொடங்குகிறது. முன்னது சுமார் 7 லட்சம் ஆண்டுகளிலும், பின்னது சுமார் 14 லட்சம் ஆண்டுகளிலும் பாதியாகிவிடும். ஆகவே இன்று அவை இரண்டும் எந்த விகிதத்தில் எஞ்சியிருக்கின்றன என்று அளந்தால், கல் புதைந்த காலம் தெரிந்துவிடுகிறது. பின்னம் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதை விளக்க ஒரு படமும் இரண்டு பக்கமும் வேண்டும். அந்த இரண்டு பக்கத்தை எழுதுகிறவருக்குத்தான், எழுத்தில் எத்தனை கரடுமுரடு இருப்பினும், அடுத்த புரஸ்காரத்தைக் கொடுக்கும்படி நான் பரிந்துரைப்பேன்.