பமாகோவின் இரண்டு ஸ்டூடியோக்கள்

தனியாள் படத்தில் புகைப்படக்காரர் கவனிக்க வேண்டியது ஒரு முகத்தை. இருவர் சேர்ந்து வந்து உட்கார்ந்ததும் வேலையே மாறிவிடுகிறது. யார் உட்காருவது, யார் நிற்பது, கை எங்கே போவது, தோளுக்கும் தோளுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று ஒவ்வொன்றும் அவர்களுடைய உறவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. இந்த வேலையை மிக நுட்பமாகச் செய்தவர்களில் இருவர், மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் பமாகோ நகரத்தில் அடுத்தடுத்துத் தொழில் நடத்தினார்கள். மூத்தவர் செய்டு கெய்ட்டா. இளையவர் மாலிக் சிடிபே.

கெய்ட்டா தச்சு வேலை கற்றவர். 1935-இல் செனகல் போய்வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கோடக் பிரவுனி கேமரா ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். உள்ளூரில் பிரெஞ்சுக்காரரான பியர் கார்னியேயின் புகைப்படக் கடையிலும், முன்டாகா டெம்பெலே என்ற ஆசிரியரிடமும் பிரின்ட் போடக் கற்றுக்கொண்டார். 1948-இல் பமாகோ-கூரா பகுதியில், சிறைச்சாலைக்குப் பக்கத்தில், குடும்பத்துக்குச் சொந்தமான இடத்திலேயே ஸ்டூடியோ திறந்தார். அப்போது பமாகோ, பிரெஞ்சு சூடான் காலனியின் தலைநகரம். டக்காரிலிருந்து வரும் ரயில் குமாஸ்தாக்களையும் வணிகர்களையும் கொண்டுவந்து இறக்கும். ஸ்டூடியோப் பையன்கள் மாதிரிப் படங்களை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போய் ஆள் பிடித்தார்கள்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மண்சுவர் சூழ்ந்த முற்றம், பகல் வெளிச்சம், சுவரில் தொங்கும் ஒரு துணி. முதலில் தொங்கியது அவருடைய சொந்தக் கட்டில் விரிப்பு. அதன் குஞ்சங்கள் சில படங்களில் தெரிகின்றன. பிறகு பூப்போட்ட துணி, இலைக்கொடித் துணி, கடைசியில் வெறும் சாம்பல் நிறத் துணி என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வந்தார். எந்தப் படம் எந்தக் காலத்தது என்று பிற்காலத்தில் அவர் சொல்ல முடிந்தது இந்தத் துணிகளை வைத்துத்தான். கேமரா 13-க்கு 18 சென்டிமீட்டர் ஃபிலிம் போடுகிற பெரிய மரப்பெட்டி. நெகட்டிவைத் தாளோடு ஒட்டிவைத்து ஒளி காட்டினால் அதே அளவில் பிரின்ட் வந்துவிடும், பெரிதாக்க வேண்டியதில்லை. ஃபிலிம் விலை கூடுதல் என்பதால் ஒரு படத்துக்கு ஒரே எடுப்பு. ஆகவே திருத்தமெல்லாம் ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கெய்ட்டாவின் மேதைமை அந்த முன்வேலையில் இருக்கிறது. ஆளை நேராக நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது. உடலைச் சற்றே ஒருக்களித்து, தலையை எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பிவைப்பார். இருவர் என்றால் ஒருவருடைய தோள் மற்றவருடைய தோளுக்குப் பாதி பின்னால் மறைந்திருக்கும். இரண்டு முகங்களும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் மேலும் கீழுமாக அமையும். பார்ப்பவரின் கண் ஒரு முகத்தில் தொடங்கி, தோளில் கிடக்கும் கை வழியாக இறங்கி, இரண்டாவது முகத்துக்கு ஏறும். இந்தக் கைகளை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தகும். அவை உடலில் ஏதோ ஒட்டவைத்தது போல் தொங்குவதில்லை. ஒன்று தோளைத் தொடுகிறது, ஒன்று மடியில் விரிந்திருக்கிறது, ஒன்று தோழியின் விரல்களைப் பிடித்திருக்கிறது. விரல்கள் நீண்டு பிரிந்து தெரியும்படி அவர் வைத்த விதத்தில் மோதிரமும் வளையலும் கூடத் தம் இடத்தைப் பெற்றுவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களில் நாற்காலியில் ஒருவர், பக்கத்தில் நின்றபடி ஒருவர், நடுவில் பூச்சாடி என்று விறைத்து நிற்கும் தம்பதியரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பமாகோ ஜோடிகளின் நெருக்கம் வியப்பாக இருக்கும்.

அடுத்தது துணி. மேற்கு ஆப்பிரிக்காவில் திருமணத்துக்கோ பெயர் சூட்டுக்கோ போகும் உறவுக்காரப் பெண்களும் தோழிகளும் ஒரே துணியில் உடை தைத்துக்கொள்வது வழக்கம். அப்படியே ஸ்டூடியோவுக்கும் வந்தார்கள். கெய்ட்டாவின் முன் ஒரே பூப்போட்ட உடையில் இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா தங்கையா, சக்களத்திகளா, ஒரே தெருத் தோழிகளா என்று படம் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் ஒரு கூட்டு என்பதை உடை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறது. உடையின் பூவும் பின்திரையின் கொடியும் ஒன்றோடொன்று கலந்துபோவதால், மூன்று உடல்கள் எங்கே பிரிகின்றன என்பதே சில படங்களில் தெரியாது. முகங்களும் கைகளும் மட்டும் அந்த நெசவிலிருந்து எழுந்து நிற்கும். கட்டம் போட்ட விரிப்பின்மீது ஒருக்களித்துச் சாய்ந்திருக்கும் பெண்ணின் புகழ்பெற்ற படத்திலும் உடை, விரிப்பு, திரை மூன்றும் மூன்று வகைக் கோலம். மோதிக்கொள்ள வேண்டிய மூன்று கோலங்களை ஒருவர் இவ்வளவு அமைதியாக ஒரே சட்டகத்தில் அடக்கியது, இருபதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலையின் பெரிய சாதனைகளில் ஒன்று.

தகப்பனும் பிள்ளையும் என்று ஒரு படம். தொளதொளத்த அங்கி அணிந்த, அகன்ற உடம்புக்காரர் ஒருவர் கைக்குழந்தையை மார்போடு ஏந்தியிருக்கிறார். உடம்பு படத்தை நிரப்புகிறது. குழந்தை அந்தப் பெரிய கைகளுக்குள் அடங்கிவிடுகிறது. பெரும்பாலான குடும்பப் படங்களில் குழந்தை தாயின் மடியில்தான் இருக்கும். இங்கே தாய் இல்லை. அந்த உருவத்தின் பருமனைக் குறைத்துக்காட்ட கெய்ட்டா எதுவும் செய்யவில்லை. பருமனையே குழந்தைக்குத் தொட்டிலாக்கிவிட்டார்.

ஸ்டூடியோவில் வாடிக்கையாளர்களுக்காகச் சில பொருள்கள் காத்திருந்தன: கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, பிளாஸ்டிக் பூ, ஐரோப்பிய உடை, ஸ்கூட்டர், கடைசியில் கெய்ட்டாவின் சொந்தக் காரும். இதைப் பொய் வேஷம் என்று தள்ளுவது சரியல்ல. தாம் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்தது, படத்துக்குக் காசு கொடுத்தவர்களே. சொந்த ஊரில் இருக்கும் உறவுக்கு அனுப்ப ஒரு பிரின்ட், வீட்டுச் சுவருக்கு ஒன்று. சட்டம் போடும் கடைகளில் நகைக்கும் உதட்டுக்கும் கையால் வண்ணம் தீட்டிக்கொண்டவர்களும் உண்டு. இதற்கு மாறாக, ஜெர்மனியப் புகைப்படக்காரர் ஆகஸ்ட் சாண்டர் 1929-இல் வெளியிட்ட அறுபது படங்களின் தொகுப்பில் உழவர், சமையற்காரர், மாணவர் என்று சமூகம் தொழில்வாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. சாண்டர் பெரிய கலைஞர். ஆனாலும் அவர் திட்டம் அவருடையது. பமாகோவில் திட்டம் படத்தில் நின்றவர்களுடையது. ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டதைக் கேட்க விரும்புபவர் கெய்ட்டாவிடம்தான் வர வேண்டும்.

1960-இல் மாலி விடுதலை பெற்றது. இரண்டு ஆண்டுகளில் கெய்ட்டாவை அரசு தன் புகைப்படக்காரராக அழைத்துக்கொண்டது; முற்றத்து ஸ்டூடியோ விரைவிலேயே மூடப்பட்டது.

அதற்குள் பகடாஜி பகுதியில் மாலிக் சிடிபே தொழிலில் கால் ஊன்றிவிட்டார். சோலோபா என்ற கிராமத்திலிருந்து வந்து, பமாகோவின் கைவினைப் பள்ளியில் நகை செய்யப் படித்தவர். ஜெரார் கியா என்ற பிரெஞ்சுக்காரரின் கடைக்கு அலங்கார வேலை செய்யப் போய், அங்கேயே கேமராவுக்குத் தாவினார். கெய்ட்டாவின் வாடிக்கையாளர்கள் முற்றத்துக்கு வந்தார்கள் என்றால், சிடிபே மக்கள் இருந்த இடத்துக்கே போனார். புதிதாக விடுதலை பெற்ற ஊரில் இளைஞர்கள் மன்றங்கள் அமைத்து, சனிக்கிழமை இரவுகளில் இசைத்தட்டுப் போட்டு ஆடினார்கள். சிடிபே ஃபிளாஷோடு ஒரே இரவில் பல விருந்துகளுக்குச் சென்று, விடியும் முன் ஃபிலிமைக் கழுவி, சிறு பிரின்ட்டுகளை எண் போட்டு அட்டையில் ஒட்டி, ஸ்டூடியோவில் பார்வைக்கு வைப்பார். இளைஞர்கள் வந்து எண்ணைச் சொல்லிப் பிரதி வாங்கிக்கொள்வார்கள்.

அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் 1963-இன் கிறிஸ்துமஸ் இரவில், ஹாப்பி கிளப் என்ற மன்றத்தின் விருந்தில் எடுத்தது. கோட்டும் சூட்டுமாக ஓர் இளைஞன். எதிரே, காலில் செருப்பில்லாமல் ஓர் இளம்பெண். இருவரும் முன்னால் குனிந்து, நெற்றியோடு நெற்றி முட்டும் அளவுக்கு நெருங்கியிருக்கிறார்கள். பார்வை இருவருக்கும் கீழே, கால்களில். காதலர் படமென்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் அண்ணனும் தங்கையும். அண்ணன் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான். அது தெரிந்தபின் மீண்டும் பார்த்தால் படம் மாறுவதில்லை, நன்றாகத் துலங்குகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத நெருக்கம், ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உரியது. ஒருவர் அடியை ஒருவர் நம்பி எடுத்துவைக்கும் கணத்தில் சிடிபே ஃபிளாஷை அடித்திருக்கிறார்.

ஸ்டூடியோவுக்குள் அவர் வேலை வேறு மாதிரி. கோடுபோட்ட திரை, கட்டம்போட்ட தரை, மின்விளக்கு, சதுர ஃபிலிம். கெய்ட்டாவின் படங்களில் அரிதான சிரிப்பு, இங்கே தாராளம். ஒரே மாதிரி உடுத்திய நண்பர்கள், ஆட்டுடன் வந்தவர், மோட்டார் சைக்கிளுடன் வந்தவர் என்று எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. இரட்டையர்களை அவர் விரும்பி எடுத்தார். மாலியில் இரட்டைப் பிறவிக்குத் தனி மதிப்பு உண்டு. இந்த விஷயத்தில் நைஜீரியாவின் யொருபா மக்களிடம் இருந்த வழக்கம் இன்னும் ஆழமானது. இரட்டையரில் ஒருவர் இறந்துவிட்டால், இருப்பவரை மட்டும் படம் எடுத்து, ஒரே நெகட்டிவைப் பக்கத்தில் பக்கத்தில் இருமுறை அச்சிட்டு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்த படமாக்கிவிடுவார்கள். இறந்தது ஆண் குழந்தை, இருப்பது பெண் என்றால், அந்தப் பெண்ணுக்கே ஆண் உடை போட்டு இரண்டாவது படம் எடுப்பார்கள். 1970-களில் அமெரிக்கரான ஸ்டீஃபன் ஸ்ப்ரேக் இதைப் பதிவு செய்தார். உறவுக்காகப் புகைப்படக் கலை இவ்வளவு தூரம் வளைந்து கொடுத்ததற்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

1991-இல் நியூயார்க்கில் நடந்த ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்றில் கெய்ட்டாவின் படங்கள் சில, எடுத்தவர் பெயர் தெரியாமலே வைக்கப்பட்டன. பிரெஞ்சுக் கலை ஆர்வலர் ஆன்ட்ரே மன்யான் படத்தின் நகலோடு பமாகோவுக்குப் போய் விசாரித்தபோது, அவர் முதலில் போய்ச் சேர்ந்தது சிடிபேயிடம். பார்த்ததும் அடையாளம் சொல்லி கெய்ட்டாவிடம் அனுப்பிவைத்தவர் அவர்தான். ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் கெய்ட்டாவிடம் பத்திரமாக இருந்தன. 1994-இல் பாரிசில் கார்த்தியே அறக்கட்டளை அவருடைய தனிக் கண்காட்சியை நடத்தியது. 2001-இல் அவர் பாரிசில் காலமானார். 2007-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியின் வாழ்நாள் சாதனைத் தங்கச் சிங்கம் சிடிபேக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்கர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2016-இல் அவரும் மறைந்தார்.

கண்காட்சிகளில் கெய்ட்டாவின் படங்கள் ஒரு மீட்டருக்கும் மேலாகப் பெரிதாக்கப்பட்டு, கறுப்பும் வெளுப்பும் கூர்மையாகத் தெரியும்படி அச்சிடப்பட்டன. அதைப் பார்த்து அவரே மகிழ்ந்தார். நெகட்டிவ் அவ்வளவு விவரத்தைத் தாங்கியிருந்தது. இருந்தாலும் கையகலப் பழைய பிரின்ட்டுகளில் இருப்பது வேறு சுவை. சாம்பல் நிறங்கள் மென்மையாக, முகங்கள் தம் உறவினரின் உள்ளங்கைக்கு ஏற்ற அளவில் இருக்கின்றன. நின்றவர்களின் பெயர்கள் மட்டும் பெரும்பாலும் போய்விட்டன. படங்களுக்குக் கீழே தலைப்பற்றது என்ற குறிப்பும் தோராயமான ஆண்டும்தான். சிடிபேயின் அட்டைகளிலோ மன்றத்தின் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருந்தன. ஓர் அட்டையை முழுதாகப் பார்ப்பவருக்கு, யார் யாரோடு ஆடினார், இரவு ஏற ஏற எந்தக் கூட்டம் பிரிந்து எந்தக் கூட்டம் சேர்ந்தது என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். தேர்ந்தெடுத்துச் சட்டமிட்ட ஒற்றைப் படத்தில் இது கிடைப்பதில்லை. அந்த அட்டைகளை அப்படியே அச்சிட்ட புத்தகம் வந்திருக்கிறது; சிடிபேயை அறிய விரும்புபவர் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.