சட்டகத்துக்கு வெளியே நிற்கும் உப்பளம்

மழை ஓய்ந்த மார்கழிக் காலையில் தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தால் உப்பு விளைகிற இடமென்றே தோன்றாது. ஐப்பசியும் கார்த்திகையும் பாத்திகளை நிரப்பிவிட்டு வரப்புகளை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். வேலை நின்ற அந்தத் தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துப்போட்டு இரை அரித்துக்கொண்டிருக்கும். சாலையோரம் இரண்டு மூன்று கார்கள் நிற்கும். இறங்கி வருபவர் வங்கி ஊழியராக இருக்கலாம், பல் மருத்துவராக இருக்கலாம், கல்லூரி ஆசிரியராக இருக்கலாம். தோளில் தொங்குவது மட்டும் ஒன்றுதான்: வீட்டில் உண்மை விலை சொல்லப்படாத லென்ஸ்.

இவர்கள் எடுத்துவரும் படங்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. எதிலும் அனல்மின் நிலையம் இருக்காது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட அந்த நிலையத்தின் புகைபோக்கி ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், படத்தில் தெரியாது. துறைமுகத்தின் கிரேன், ஓலை போர்த்திய உப்பு அம்பாரம், லாரித் தடம், வரப்பில் நடக்கும் பெண்கள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். மிஞ்சுவது நீலத் தண்ணீரும் இளஞ்சிவப்புப் பறவையும். ஆப்பிரிக்க ஏரி என்று சொன்னாலும் நம்பிவிடலாம்.

இது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. இந்தக் கரையில் பறவைகள் பிழைப்பது மனிதர் வெட்டிய பாத்திகளில், தொழிற்சாலைகளுக்கு நடுவில். அதுதான் இங்குள்ள வியப்பு. அதுதான் இங்குள்ள ஆபத்தும். சட்டகத்தை இறுக்கி இறுக்கி ‘கன்னி நிலம்’ காட்டுகிற படம், உப்பளம் நாளை வேறொன்றாக மாறினால் பறவைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைப் பார்ப்பவருக்கு எழுப்பாமலே விட்டுவிடுகிறது.

ஆனாலும் இந்தப் பொழுதுபோக்கைப் பணக்கார விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. பிரிட்டிஷ் காலத்தில் ஒரு பறவையை இன்னதென்று உறுதிசெய்யத் துப்பாக்கிதான் கருவி. சுட்டு, பாடம் செய்து, அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள். இன்று அந்த வேலையின் பெரும்பகுதியைக் கேமரா செய்கிறது. குளிர்கால உடையில் கொசு உள்ளானையும் அதன் உறவினரையும் தூரத்திலிருந்து பிரித்தறிவது அனுபவசாலிக்கே சிரமம். ஈ-பேர்டு போன்ற பொதுப் பதிவேடுகளில் அரிய பறவையைக் கண்டதாக ஒருவர் எழுதினால், சரிபார்ப்பவர் முதலில் கேட்பது படத்தைத்தான். காலில் வண்ண வளையமோ எழுத்துப் பொறித்த கொடியோ உள்ள பறவை படத்தில் சிக்கிவிட்டால், அது எங்கே எப்போது வளையமிடப்பட்டது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். அந்தப் படம் மங்கலாக, சாய்வாக, அழகே இல்லாமல் இருக்கலாம். விருப்பக்குறி பத்துகூடத் தேறாது. எழுத்து படிக்கும்படி இருந்தால் போதும், ஆய்வாளருக்கு அது பொக்கிஷம்.

இந்த உழைப்பைத் திரட்டும் வழிகளும் உருவாகியிருக்கின்றன. ஏட்ரீ என்னும் சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம் 2011 முதல் நடத்திவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களைத் தன்னார்வலர்கள் சுற்றிவருகிறார்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது. கேமரா வாங்கிய ஆசையில் வந்து, பட்டியல் எழுதக் கற்றுக்கொண்டு, பிறகு கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

இந்த மண்ணுக்கு நெருக்கமான முன்னோடி மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் உறுப்புகளைக் கோத்துத் தானே உருவாக்கிய கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை இயற்கைப் பத்தி எழுதினார். அவருக்குப் படமும் குறிப்பும் ஒரே வேலையின் இரு கைகள். இன்றைய பதிவுகள் பலவற்றில் லென்ஸின் எண் இருக்கிறது, ஷட்டரின் வேகம் இருக்கிறது. பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஒரு வரியைத்தான் காணோம்.

குறைகளில் கனமானது துரத்தல். பூநாரை நிற்கும்போது வெளிறித் தெரியும். பறக்கும்போதுதான் இறக்கையின் சிவப்பும் கறுப்பும் விரியும். ஆகவே யாரோ ஒருவர் வரப்பில் இறங்கி நடக்கிறார், கை தட்டுகிறார். தண்ணீரில் ஓடி ஓடி மேலெழும் கனத்த பறவைக்கு ஒவ்வோர் எழுச்சியும் செலவு. அந்த நேரத்து இரையும் போச்சு. படம் எடுத்தவருக்கு ஒரே ஒரு காலை. பறவைக்கு அடுத்த காரும் வரும்.

கூடு இன்னும் மோசம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. துப்பாக்கியைக் கண்டாலே முகம் சுளிக்கும் பொழுதுபோக்காளர் பலருக்கு இது தெரியாது. அதே சட்டம் சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் படமெடுப்பதற்காக நுழைய அனுமதிச் சீட்டு கேட்கிறது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளுக்கும் இது பொருந்தும்.

பரிசு ஆசை பொய்க்கும் கொண்டுபோய் விடுகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் 2009-இல் வென்ற ஓநாய், பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடுமென்று நடுவர்கள் முடிவுசெய்து பரிசைப் பறித்தார்கள். 2017-இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னி பாடம் செய்யப்பட்ட உடல் என்று முடிவாகி, அடுத்த ஆண்டே அந்தப் படமும் நீக்கப்பட்டது.

எப்போது கைவைக்கலாம், எப்போது கூடாது என்பதற்கு இந்தக் கரையின் முத்துக்குளிப்பில் பழைய முறை ஒன்று இருந்தது. பார் என்றால் இங்கே முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் அதிகாரிகள் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை அள்ளி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, தேறும் என்றால்தான் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். சிப்பி இளசு என்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. இந்த ஒப்புமையை அதிகம் இழுக்கவும் முடியாது. அத்தனை சோதனைக்குப் பிறகும் 1961-க்குப் பின் இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. தவிர, அன்று நாள் குறிக்க அரசு இருந்தது. உப்பள வரப்பில் காலை ஆறு மணிக்கு நிற்கும் பொழுதுபோக்காளருக்கு நாள் குறிப்பவர் யாருமில்லை, அவரைத் தவிர.

தை பிறந்தபின் பாத்திகளில் மழைநீர் இறங்கி உப்பு வேலை தொடங்கும். கோடையில் பூநாரையும் இருக்காது, கார்களும் வராது. அந்த மாதங்களில்தான் உப்புக்கொத்தியும் நெடுங்கால் உள்ளானும் வரப்போரத் தரையில் முட்டையிடும். மண்ணின் நிறத்திலேயே இருக்கும் அந்த முட்டைகளைத் தினமும் கடந்துபோகிறவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். அவர்கள் கையிலும் இப்போது கேமரா வைத்த கைபேசி இருக்கிறது. எத்தனை கூடு, எந்த வரப்பு என்று அவர்களிடம் யாராவது கேட்டால் சொல்வார்கள்.