பிரியர்கள் கட்டிய தரவுத்தளம்

சாகுபுரத்தில் வேலை முடிந்து உப்புக்காற்று வரும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நான் முதலில் திறப்பது ஸ்டீம்டிபி தளத்தைத்தான். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கும் இந்தத் தளத்துக்கும் சம்பந்தமில்லை. விளையாட்டுப் பிரியர்கள் கட்டியது, விளம்பரத் தொல்லையும் கிடையாது. அந்தக் கடையின் தள்ளுபடிகளைக் காட்டும் பக்கத்தில் ஒரு வடிகட்டியைத் தட்டினால் நீண்ட பட்டியல் சட்டெனச் சுருங்கும். இன்னொன்றைத் தட்டினால் இன்னும் கொஞ்சம். என்ன சுகம் அது! ஒரு விளையாட்டின் பெயரைச் சொடுக்கினால் ரூபாய் விலையின் கோடு விரிகிறது. உப்பளத்து வரப்பு மாதிரி நேராக ஓடி, தள்ளுபடி நாளில் செங்குத்தாக இறங்கி, மறுபடி ஏறுகிறது. இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா என்பது பார்த்த மாத்திரத்தில் பிடிபடும்.

மினுக்கும் படங்கள் இல்லாத, அடக்கமான கட்டங்கள். ஒரு விளையாட்டின் கோப்பு மாறினால்கூட அங்கே பதிவாகிவிடுகிறது. இத்தனை நுணுக்கத்தையும் ஓய்வு நேரத்தில், ஆசைக்காகச் செய்கிறார்கள். எதுவும் வாங்காமலே நள்ளிரவுவரை அதில் மேய்ந்துகொண்டிருப்பேன்.