‘சடங்கு’: வீட்டுக்கும் வேலைக்கும் இடையே

எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’ நாவலை ஆபாசமெனத் தள்ளியோர் உளர். துணிச்சலென வியந்தோரும் உளர். இரு சாராரும் அதன் கதாநாயகன் ஓர் எழுதுவினைஞன் என்பதைப் போதியளவு பொருட்படுத்தினாரல்லர். நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

கொழும்பில் அரசாங்க உத்தியோகம். யாழ்ப்பாணத்தில் மனைவி மக்கள். மனைவியோடு கூடும் ஆசையைச் சுமந்து அவன் ரயிலேறுகிறான். வீட்டிலோ பிள்ளைகள், மாமியார், ஓயாத வேலைகள். லீவு தீர்கிறது, ஆசை தீராமலே திரும்புகிறான்.

இதனை வெறுங் காமக்கதையாகக் கொள்ளுதல் பொருந்துமா? தாம்பத்தியத்தையும் லீவுக் கணக்கில் அளந்து கொடுக்கும் வாழ்க்கை முறையன்றோ இங்கு விசாரணைக்கு வருகிறது! குடியேற்ற ஆட்சி காரியாலயங்களைக் கொழும்பிலே குவித்தது. மிஷன் பாடசாலைகள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலங் கற்ற உத்தியோகத்தரை உருவாக்கின. 1905இல் கொழும்போடு இணைந்த வடபகுதி இருப்புப்பாதை அவர்களைத் தெற்கே கொண்டு சென்றது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாடகை அறைகளிலும், பலர் கூடிச் சமைத்துண்ட சமறிகளிலும் அவர்களின் இளமை கழிந்தது. குடும்பத்தைக் கொழும்பிலே வைத்துக் காக்கப் பலருடைய சம்பளம் இடங்கொடுக்கவில்லை. ஊரில் மனைவி கூலியின்றிச் செய்த உழைப்பே அக்குறையை நிரப்பியது.

அவளுடைய ஓயாத வேலையைக் கண்முன் நிறுத்தியமை பொன்னுத்துரையின் வெற்றி. அதனைச் சடங்கு என்று பெயரிட்டு அமைந்தமை அவருடைய எல்லை. சடங்கு, ஏனென்று கேளாமல் செய்யப்படுவது. இப்பிரிவோ மனிதர் வகுத்த ஏற்பாடு. ஆதலால் மனிதரால் மாற்றத்தக்கது. நாவல் நோயைக் காட்டுகிறது. நோயின் முதலைத் தேடவில்லை.

ஆசிரியர் 1960களில் முற்போக்கு அணியினின்று விலகி ‘நற்போக்கு’ பேசியவர் என்பது மெய்யே. அதன்பொருட்டு நூலைப் புறக்கணித்தல் விமர்சனமாகாது. எழுத்தாளனின் கொள்கை சொல்லாததை அவன் படைப்பு சிலவேளை சொல்லிவிடுகிறது.

1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014இல் மீண்டும் வந்தது. எனினும் பிரிவு ஒழிந்ததா? மலையக இளைஞர் பலர் கொழும்புக் கடைகளில் உழைத்து அங்கேயே உறங்குகின்றனர். தாய்மார் வளைகுடா நாடுகளில் பிறர் பிள்ளைகளை வளர்க்கின்றனர். அந்த எழுதுவினைஞனுக்கு லீவும் ஓய்வூதியமும் இருந்தன. இவர்களுக்கு என்ன உண்டு?

வீடு ஓரிடத்தும் வேலை வேறோரிடத்துமாக மனிதரைக் கூறுபோடுவது எது? அதனால் இலாபமடைவோர் யார்? ‘சடங்கு’ கேளாது விட்ட இக்கேள்விகளைக் கேட்கும் நாவலே இன்று நமக்கு வேண்டும். அதற்கான வாசகரை வகுப்பறைகளில் உருவாக்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பணியாகும்.