கான்ஜி எழுத்துக்களின் உறுப்புப்பொருள்: உண்மையும் உபாயமும்

சொங் அரசர் காலத்துச் சீன அமைச்சரும் புலவருமாகிய வாங் ஆன்ஷி (1021 - 1086) எழுத்துக்களின் பொருட்காரணங்களை விளக்கி நூலொன்று யாத்தனர். அந்நூல் இன்று கிடைத்திலது; ஆயினும் அதனைப் பற்றிய கதையொன்று வழங்குகின்றது. அலை எனப் பொருள்படும் எழுத்தில் ஒரு பாதி நீரையும் மறுபாதி தோலையும் குறிப்பன. ஆதலின் அலையாவது நீரின் தோல் என்றார் வாங். அதனைக் கேட்ட கவிஞர் சூ ஷி, 'வழுக்குதல்' என்னும் எழுத்தில் நீரும் எலும்பும் உளவே, அங்ஙனமாயின் வழுக்குதலாவது நீரின் எலும்போ என்று வினவினாராம். நிகழ்ந்ததோ புனைந்ததோ, உறுப்புறுப்பாகப் பிரித்துச் சீன எழுத்துக்குப் பொருள் காண முற்படும் ஒவ்வொருவர் முன்னும் இவ்வினா இன்றும் நிற்கின்றது. அலையைக் குறிக்கும் எழுத்தில் தோல் பொருள் தர வந்ததன்று. ஒலி தர வந்தது.

சீனரிடமிருந்து யப்பானியர் கடன்கொண்ட எழுத்துக்களே கான்ஜி எனப்படுவன. 'கான்' என்பது ஹான் அரசமரபைக் குறிக்கும். 'ஜி' என்பது எழுத்து. பொதுவழக்கிற்குரியனவென யப்பானிய அரசு 1946இல் வகுத்த எழுத்துக்கள் 1850. அத்தொகை 1981இல் 1945 ஆகவும், 2010இல் 2136 ஆகவும் உயர்ந்தது. இவற்றுள் 1026 எழுத்துக்களைத் தொடக்கப்பள்ளியின் ஆறாண்டுகளில் சிறுவர் கற்கின்றனர். இத்துணைப் பெருந்தொகையை நினைவில் நிறுத்துதற்கு உறுப்புக்களின் பொருளைத் துணைக்கொள்ளுதல் இயல்பேயாம். ஒரு மனிதன் ஒரு மரத்தின் அருகே நிற்கும் வடிவம் 'இளைப்பாறுதல்' என்று அறிந்த மாணவன் அவ்வெழுத்தை மறத்தல் அரிது. எல்லா எழுத்துக்களும் இங்ஙனமே அமைந்தன என்று அவன் நம்பத் தொடங்கும்போதே இடர்ப்பாடு தோன்றுகின்றது.

இத்துறைக்கு முதனூல் ஹான் காலத்துச் சூ ஷென் தொகுத்த சொற்பொருள் நூலாகும். கி.பி. 100ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்று, 121இல் அவர் மகனால் அரசனுக்கு அளிக்கப்பட்ட அந்நூல் 9353 எழுத்துக்களை 540 தலைப்புறுப்புக்களின்கீழ் வகுக்கின்றது. எழுத்துக்கள் தோன்றும் முறை ஆறு என விரித்தவரும் அவரே. அவற்றுள் பொருளுறுப்பும் ஒலியுறுப்பும் கூடியமைவன பத்தில் எட்டுக்கு மேற்படும் என்பது ஆராய்ந்தோர் கணக்கு. சூ ஷென் இதனை மறைத்தாரல்லர். பெரும்பாலான எழுத்துக்களுக்கு இன்ன உறுப்பு ஒலி குறித்தது என்றே எழுதிச் சென்றனர். பின்வந்தோரே அப்பகுதியை விரைந்து கடந்து, கதையுள்ள இடங்களில் மட்டும் தங்கினர்.

அங்ஙனம் தங்கிய இடங்களுள் ஒன்று 'படைத்திறம்' என்னும் எழுத்தாகும். அதில் ஈட்டியும் அடியும் உள. அடி என்னும் உறுப்புக்குப் பிற்காலத்தில் 'நிறுத்துதல்' என்னும் பொருளும் ஏற்பட்டமையால், ஈட்டியை நிறுத்துதலே உண்மையான படைத்திறம் என்னும் விளக்கம் எழுந்தது. கி.மு. 597இல் போர் வென்ற சூ நாட்டு மன்னன் இதனைக் கூறினான் எனப் பழைய வரலாற்று நூல் உரைக்கும்; சூ ஷென்னும் அதனையே எடுத்தாண்டார். யப்பானியப் போர்க்கலை ஆசிரியர் பலர் இதனை இன்றும் உவந்து போதிக்கின்றனர். கருத்து மிக உயர்ந்தது, எழுத்துவரலாறோ வேறு. பழைய வடிவங்களில் அடி என்பது நடத்தலையே குறிக்கும். ஈட்டி ஏந்திப் படை செல்லுதல் என்பதே அவ்வெழுத்து. மனிதன் என்னும் எழுத்து இருவர் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் தோற்றம் என்று யப்பானியப் பள்ளிகளில் நிகழும் அறவுரையும் இத்தகையதே. பழைய வடிவம் பக்கவாட்டில் நிற்கும் தனி ஒருவனையே காட்டுகின்றது. அறத்தைப் போதித்தற்கு வேறு வழிகள் பல உள.

சூ ஷென் பிழைபட்ட இடங்களுக்கு அவரைக் குறைகூறுதல் பொருந்தாது. ஷாங் அரசர் காலத்தில் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் பொறிக்கப்பட்ட குறிகேட்கும் சாசனங்கள் அறிஞர் கவனத்துக்கு வந்தது 1899இலேயாம். தமக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட அவ்வடிவங்களை அவர் கண்டிலர்.

கண்டு ஆராய்ந்தவர்களுள் யப்பானில் தலைசிறந்தவர் ஷிராகவா ஷிசுகா (1910 - 2006). கியோத்தோவிலுள்ள ரித்ஸுமெய்கன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த இவர், ஓய்வின் பின்னரே 1984, 1987, 1996 ஆகிய ஆண்டுகளில் மூன்று பேரகராதிகளைத் தனியொருவராக நின்று வெளியிட்டனர். இவர் கொள்கையின் உயிர்நிலை ஒரு சிறு சதுர உறுப்பிலே தங்கியுள்ளது. சூ ஷென் முதலாயினோர் அதனை வாய் என்றனர். ஷிராகவா, அது வாயன்று. தெய்வத்துக்கு விடுக்கும் வேண்டுதலை எழுதியிட்ட கலம் என்றார். இத்திறவுகோல் கொண்டு அவர் பல கதவுகளைத் திறந்தனர். 'அறிவித்தல்' என்னும் எழுத்தில் மாடும் வாயும் இருத்தல் கண்ட சூ ஷென், மாடு முட்டாதிருத்தற்கு அதன் கொம்பிலே கட்டிய குறுக்குக்கட்டை மனிதனுக்கு எச்சரிக்கை அறிவிப்பது என விளக்கி இடர்ப்பட்டார். ஷிராகவாவோ, அது மாடன்று, மரக்கிளை; கிளையிலே வேண்டுதற்கலத்தைக் கட்டித் தெய்வத்துக்கு முறையிடுதலே அறிவித்தல் என்றார். 'பெயர்' என்னும் எழுத்தில் மாலைப்பொழுதும் வாயும் உள. இருளில் முகம் தெரியாமையால் வாயாற் பெயர் சொல்லுதல் என்பது பழைய உரை. ஷிராகவா அதனைப் பலியிறைச்சியும் வேண்டுதற்கலமும் கூடிய பெயரிடு சடங்காகக் கண்டார். 'வழி' என்னும் எழுத்தில் தலை ஒன்று உளது. அது பகைவனின் தலை. அதனைக் கையிலேந்திப் பேய்களை விலக்கிக்கொண்டு நடந்ததே வழி என்று அவர் கூறுமிடம் கற்போரை நடுங்கச் செய்யும்.

சொற்களைத் தனித்தனியே விளக்காது, அவற்றின் பின்னால் தெய்வமும் பலியும் அச்சமும் நிறைந்த ஒரு முழுச் சமுதாயத்தைக் காட்டியமை ஷிராகவாவின் பேராற்றலாம். ஆயினும் அவ்வாற்றலே அவருக்குப் பகையுமாயிற்று. பறவையும் அச்சதுரமும் கூடிக் 'கூவுதல்' எனப் பொருள்படும் எழுத்து எலும்புச் சாசனங்களிலேயே உண்டு. கூவும் பறவையின் அருகே வாய் இருத்தலினும் இயல்பானது யாது? அதனையும் அவர் பறவைக்குறி பார்க்கும் சடங்காகவே கொண்டார். ஒரே விடையை எல்லா வினாவிற்கும் தரும் கொள்கை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வாய்ப்பை இழந்துவிடுகின்றது. எழுத்தைவிடச் சொல்லே முந்தியது, சொல்லின் உயிர் ஒலியே என்னும் கொள்கையுடைய தோதோ அக்கியாசு (1915 - 1985) ஷிராகவாவைக் கடுமையாக மறுத்தனர். இருவர்க்குமிடையே நிகழ்ந்த வாதம் அத்துறையிற் புகழ்பெற்றது. தோதோவின் சொற்குடும்பங்களும் சிற்சில இடங்களில் அளவுகடந்து விரிகின்றன என்பது உண்மையே. எனினும் கற்போனுக்கு அவர் காட்டிய திசை பயன் மிக்கது.

இவ்விருவரினின்றும் முற்றிலும் வேறுபட்டவர், நகோயாவில் வாழ்ந்த மெய்யியல் அறிஞர் ஜேம்ஸ் ஹைசிக். பிறநாட்டு மாணவருக்கென அவர் ஆக்கிய நினைவுநூல் உலகெங்கும் பரவியுள்ளது. அதன் முதற்றொகுதி 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் 2200 எழுத்துக்களைக் கொண்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர். அப்பெயர்களைக் கோத்துக் கற்பனைக் கதையொன்று புனைந்து மனத்திற் பதித்தல் என்பதே முறை. உறுப்புக்கு அவர் இடும் பெயர் பல இடங்களில் வரலாற்றொடு தொடர்பற்றது. நன்னூலார் வழக்கில் கூறின், காரணக்குறியை விடுத்து இடுகுறியை வெளிப்படையாகவே மேற்கொண்டவர் அவர். இதனாற் சிலர் அவரைப் பழிப்பர். அப்பழி நேரிதன்று. புனைந்ததைப் புனைந்தது என்று சொல்பவன் எவரையும் ஏமாற்றுவதில்லை. 'ஈட்டியை நிறுத்துதல்' என்பதை வரலாறாகப் போதிப்போரினும் அவர் நேர்மையானவர்.

அவர் நூலின் குறை வேறிடத்தில் உளது. எழுத்துக்களின் ஒலியை அவர் இரண்டாந்தொகுதிக்கு ஒத்திவைக்கின்றார். இதனால் விளையும் இழப்பை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். நீலமும் பசுமையும் ஒருங்கே குறிக்கும் 'செய்' என்னும் எழுத்தொன்று உண்டு. அதனோடு நீர் சேரின் 'தெளிவு'. ஞாயிறு சேரின் 'வானம் வெளுத்தல்'. அரிசி சேரின் 'மாசு நீக்கித் தீட்டியது'. பேச்சு சேரின் 'வேண்டிக்கேட்டல்'. இந்நான்கினையும் யப்பானியர் சீனவழி ஒலியில் 'செய்' என்றே படிப்பர். உள்ளம் சேரின் 'உணர்ச்சி'. அதன் வழக்கமான ஒலி 'ஜோ' என்றாலும் 'செய்' என்பதும் அதற்குண்டு. இக்குடும்பத்தை ஒருங்கு கண்ட மாணவன் ஐந்து எழுத்துக்களின் ஒலியை ஒரே பொழுதிற் பெறுகின்றான். அன்றியும், தூய்மை, தெளிவு என்னும் கருத்து அவற்றுட் பலவற்றில் ஊடுருவி நிற்றலையும் உணர்கின்றான். ஒலியுறுப்பு வெற்றொலியன்று என்று தோதோ வற்புறுத்தியது இதனையே. ஹைசிக்கின் மாணவனோ, ஐந்து எழுத்துக்கும் ஐந்து கதைகளை நீல நிறத்தைக்கொண்டு வருந்திப் புனைகின்றான். புனைந்து முடித்த பின்னரும் அவற்றுள் ஒன்றையேனும் வாய்விட்டுப் படிக்க இயலாதவனாகின்றான். பொருளை அறிந்தும் படிக்கவியலாத நிலை மொழிகற்றலில் விந்தையானது.

உறுப்பின் வரலாற்றை அறிதலால் யாது பயன், நினைவிற்கு உதவினாற் போதாதோ என வினவுவோர்க்கு, யப்பானிய அரசு செய்த எழுத்துத் திருத்தமே விடையளிக்கும். 'தன்' எனப் பொருள்படும் எழுத்து ஆதியில் மூக்கின் வடிவம்; யப்பானியர் தம்மைச் சுட்டும்போது இன்றும் மூக்கையே விரலாற் காட்டுவர். அம்மூக்கின்கீழ் நாயை வைத்து 'நாற்றம்' என்னும் எழுத்தைப் பழையோர் ஆக்கினர். மோப்பத்தால் தடமறியும் விலங்கு நாய் எனச் சூ ஷென் கூறிய உரை எவர்க்கும் உடன்பாடே. நாய் என்னும் எழுத்துக்கும் 'பெரிது' என்னும் எழுத்துக்கும் வேறுபாடு ஒரு புள்ளி மாத்திரமே. இரண்டாம் உலகப்போரின் பின் எழுத்துக்களை எளிமையாக்கியபோது அப்புள்ளி வேண்டாததென நீக்கப்பட்டது. மூக்கின்கீழ் நாய் போய்ப் 'பெரிது' வந்தது. 'கலம்', 'இனம்' முதலிய எழுத்துக்களிலிருந்தும் நாய் இவ்வாறே நீங்கிற்று. ஷிராகவா இதனை இறுதிவரை கண்டித்து வந்தார். இவ்விடத்தில் அவர் பக்கமே நியாயம் உளது. 2010இல் பட்டியலை விரித்தபோது 'மோந்துபார்த்தல்' என்னும் எழுத்தும் அதில் இடம்பெற்றது. அதனுள் அமைந்த நாற்றத்துக்குப் பழைய வடிவமே ஏற்கப்பட்டது. ஆதலின் இன்றைய யப்பானிய மாணவன் நாற்றத்தை எழுதும்போது புள்ளியின்றியும், அதனை மோந்துபார்க்கும்போது புள்ளியிட்டும் எழுதவேண்டியவனாகின்றான்.