கடைசித் தோட்டாவும் கற்சிலைமடுக் கல்லும்

வீழ்ந்தவனைப் போற்றுவதே தமிழரின் நடுகல் மரபு. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லோ வீழ்த்தியவனைப் பற்றியது. 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அதன் செய்தி. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் முல்லைத்தீவிலிருந்து ஆங்கிலப் படையை வன்னியன் விரட்டியமை அதில் இடம்பெறவில்லை. போர் நிகழ்ந்த இடத்தைக்கூட ‘இதற்கு அண்மையில்’ என்றே அது குறித்தது. தோற்றவனின் கதையை வென்றவன் எழுதினால் இவ்வளவுதான் எஞ்சும்.

தோற்றவர் தரப்பே தன் தோல்வியைத் தீட்டுமாயின் அது எவ்வாறு அமையும்? பிரெஞ்சுப் போர்க்கள ஓவியர் அல்போன்ஸ் டி நெவீலின் படைப்புகள் இதற்கு ஒரு விடை தருகின்றன. 1835இல் சென்-ஓமெர் நகரிற் பிறந்த அவர், குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாகச் சட்டக் கல்வியைக் கைவிட்டுத் தூரிகையை ஏந்தினார். ஜூல்ஸ் வேர்ணின் கதைகளுக்குப் படம் வரைந்தும் பொருளீட்டினார். 1870இல் பிரசியப் போர் மூண்டது. அவரும் படையிற் சேர்ந்தார். பிரான்ஸ் தோற்றது. அத்தோல்வியே அவரைப் பெருங்கலைஞராக்கியது எனலாம்.

1873இல் அவர் காட்சிக்கு வைத்த ‘கடைசித் தோட்டாக்கள்’ என்னும் ஓவியம் 1870 செப்டெம்பர் 1இல் பசேய் என்னும் ஊரில் நிகழ்ந்ததைக் காட்டுவது. களம் ஒரு விடுதியின் மேல்மாடி அறை. காயமுற்ற தளபதி அலுமாரியிற் சாய்ந்து நிற்கிறான். யன்னலோரத்தில் ஒருவன் எஞ்சிய தோட்டாக்களைச் சுடுகிறான். இன்னொரு வீரன் காற்சட்டைப் பைகளுள் கைகளை விட்டபடி வெறுமனே நிற்கிறான். அவனிடம் தோட்டா இல்லை. வாளை உயர்த்திப் பாயும் பழைய போரோவிய வீரர்களுள் எவனும் இவனுக்கு ஈடாகான். செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு படைவீரனை ஓவியத்தில் நிறுத்தத் துணிந்தமையே டி நெவீலின் சாதனை. பகைவன் எங்கும் தென்படவில்லை. சிதைந்த கூரையே அவனது வரவைச் சொல்லிவிடுகிறது.

ஆயினும், 2009இல் ஊர் ஊராகப் பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்ற மக்களின் நிலத்திலிருந்து நோக்குவோர்க்கு அவ்வறையில் ஒரு வெறுமை புலப்படாமற் போகாது. அலுமாரி இருக்கிறது, சுவர்க்கடிகாரம் இருக்கிறது, மெத்தை இருக்கிறது. அவற்றுக்கு உரியோர் எங்கே? பசேயில் மாண்டோர் படைவீரர் மட்டுமல்லர். ஊர் தீக்கிரையாயிற்று, ஊரவரும் கொல்லப்பட்டனர். எமிலி சோலா 1892இல் வெளியிட்ட ‘வீழ்ச்சி’ என்னும் நாவலிலே தன் வீட்டைக் காக்கப் போரிட்டுச் சுட்டுக் கொல்லப்படும் பசேய்க் குடிமகன் ஒருவன் வருகிறான். ஓவியர் விட்ட இடத்தை நாவலாசிரியர் நிரப்பினார் என்க. ஓர் அறைக்குள் எல்லாவற்றையும் அடக்கவியலாது என்று டி நெவீலுக்காக வாதிடலாம். ஆனால் சீருடை அணிந்தோர் அத்தனை பேருக்கும் அதே அறையில் இடமிருந்தது.

இக்குறை தற்செயலானதன்று என்பதற்கு 1880இல் இலண்டன் நிறுவனமொன்றின் வேண்டுகோளுக்கிணங்க அவர் வரைந்த ‘றோக்ஸ் டிரிப்ற் பாதுகாப்பு’ என்ற ஓவியம் சான்று. 1879 சனவரியில் தென்னாபிரிக்காவிலே சூலு மக்களின் படையை ஆங்கிலேயர் தடுத்து நின்ற நிகழ்ச்சி அது. கற்சிலைமடுவில் கல் நாட்டிய அதே பேரரசின் வெற்றி. தன் நாட்டின் தோல்வியை உணர்ந்து தீட்டிய கைதான் இதனையும் தீட்டியது. காயமுற்றோர், எரியும் மருத்துவமனை, தோட்டா சுமப்போர் என ஆங்கிலேயர் ஒவ்வொருவருக்கும் முகமும் நோவும் உண்டு. தம் மண்ணை ஆளவந்த பேரரசை எதிர்த்தோருக்கு அவை இல்லை.

டி நெவீல் 1885இல் பாரிசிற் காலமானார். அந்த ஓவியம் 1882இலேயே சிட்னி கலைக்கூடத்துக்கு வாங்கப்பட்டது. அதிற் சூலு வீரரைக் காண விழைபவர் தடுப்பரணுக்கு அப்பால், புகையினூடே, ஓரத்திலேதான் தேடவேண்டும்.