குரூஸின் கால்களைப் பாருங்கள்

2016 ஜனவரி 17, பாஸ்டன் டிடி கார்டன். டாமினிக் குரூஸும் டி.ஜே. டில்லஷாவும் மோதிய அந்த 25 நிமிடங்களை எத்தனை முறை பார்த்தேனோ, கணக்கே இல்லை. எம்எம்ஏ என்ற கலப்புத் தற்காப்புக் கலையில் இதற்கு மேல் ஒரு சண்டை கிடையாது. யார் மறுத்தாலும் விடிய விடிய வாதாடத் தயார்!

எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் யூஎஃப்சி-யின் முதல் பாண்டம்வெயிட் சாம்பியன் குரூஸ். 61 கிலோ பிரிவு. 2011-ல் யுரைஜா ஃபேபர், டெமெட்ரியஸ் ஜான்சன் என்று அடுத்தடுத்து ஜெயித்து உச்சத்தில் இருந்தவருக்கு முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதே கால் மறுபடியும் போனது. அப்புறம் தொடை இடுக்கில் தசைக் கிழிசல். 2014 தொடக்கத்தில் சாம்பியன் பெல்ட்டும் கைவிட்டுப் போயிற்று. அந்த செப்டம்பரில் திரும்பி வந்து டகேயா மிசுகாகியை 61 விநாடியில் சாய்த்தார். அப்பாடா என்பதற்குள் அடுத்த முழங்கால்! ஆக, நாலு வருஷத்துக்கு மேலான காலத்தில் அவர் ஆக்டகன் என்ற எண்கோணக் கூண்டில் சண்டை போட்டது ஒரே ஒரு நிமிஷம்.

பிரிவு அவருக்காகக் காத்திருக்குமா? ஹெனான் பராவோவை நொறுக்கிப் பட்டம் வாங்கிய டில்லஷா, நிற்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டே, கோணம் கோணமாக நுழைந்து அடிக்கிறவர். குரூஸின் பாணியையே இன்னும் வேகமாக, இன்னும் பலமாக ஆடுகிறார் என்று பேச்சு. பழையவர் தாங்க மாட்டார் என்றுதான் நானும் பயந்தேன்.

மணி அடித்தது. டில்லஷா முழு பலத்தோடு வீசுகிறார். எதிரே ஆள் இல்லை! தலையைத் தேடிய கை காற்றைக் குத்தித் தடுமாறுகிறது. பக்கவாட்டில் வழுக்கி நகரும்போதே குரூஸ் ஒரு குத்து விட்டுப் போகிறார். நின்று குத்துவது எல்லாரும் செய்வது; விலகும் காலடியிலேயே குத்து வைப்பதுதான் வித்தை. போதாக்குறைக்கு, கல்லூரி நாட்களிலேயே மல்யுத்தம் பழகிய டில்லஷாவைத் தூக்கித் தரையில் போட்டார். நான் எழுந்து நின்று கத்தினேன்.

கடைசி இரண்டு ரவுண்டுகளில் குரூஸின் கால் நொண்டியது. டில்லஷாவின் உதைகளும் விழத் தொடங்கின. நெஞ்சு படபடத்தது. இரண்டு நடுவர்கள் 48–47, 49–46 என்று குரூஸுக்கு. ஒருவர் 49–46 என்று டில்லஷாவுக்கு. பெல்ட் திரும்ப வந்தது.

அதே ஆண்டு முடிவில் கோடி கார்ப்ரன்ட்டிடம் அதை இழந்தார். அதனால் பாஸ்டன் ராத்திரிக்கு ஒரு குறையும் இல்லை. இந்தச் சண்டையை வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். கைகளை விட்டுவிட்டு, குரூஸின் கால்களை மட்டும்.